பதினைந்து குளிசையில் போன இரண்டாம் இடம்

வாசிக்கிற பழக்கம் உள்ளவனுக்கு எந்த நோய் வருத்தமும் லேசாக வந்து போவதில்லை. மற்றவர்களுக்குத் தொண்டை நொந்தால் வெந்நீர் குடிப்பார்கள், உப்புத் தண்ணீரில் கொப்பளிப்பார்கள், படுப்பார்கள், எழும்புவார்கள். வாசிக்கிறவனுக்கு அதற்கொரு காரணம் வேண்டும். காரணத்துக்கு ஆதாரம் வேண்டும். ஆதாரத்தை இரண்டு பேருக்காவது விளக்கிச் சொல்ல வேண்டும். நான் வாசிக்கிறவன். போதாக்குறைக்கு நாட்குறிப்பும் எழுதுகிறவன். எங்கள் மாடு கன்று போட்ட நேரம், வாய்க்கால் மதகு உடைந்த கிழமை, அத்தான் அக்காவிடம் பொய் சொல்லி அகப்பட்ட சந்தர்ப்பங்கள் எல்லாம் என் கொப்பிகளில் மணி, நிமிடத்துடன் இருக்கின்றன.

அப்படிப்பட்ட நான், ஒரு வைகாசி மாதத்தில், எனக்கு இல்லாத நோய்க்குப் பதினைந்து குளிசை விழுங்கி, ஊரெல்லாம் கூடியிருந்த கோயிலில் சட்டையில்லாமல் நின்று, என் அம்மாவின் வாழ்நாள் ஆசையை மூன்று நிமிடத்தில் நாசமாக்கினேன். (வருடத்தை மட்டும் சொல்ல மாட்டேன். நான் ஒரு வருடத்தை மறைக்கிறேன் என்றால் என் வெட்கம் எவ்வளவு என்று என்னைத் தெரிந்தவர்களுக்கு விளங்கும்.)

மட்டக்களப்புக்கு வெளியே இருப்பவர்களுக்காக ஒரு விளக்கம். எங்கள் பக்கம் ஒவ்வொருவருக்கும் ஒரு குடி, அதாவது ஒரு வம்சம், உண்டு. அது தாய்வழியாக வரும். அம்மன் கோயில் சடங்கின் கடைசி நாளில், தீர்த்தமாடி வந்த பிறகு, குடிகளின் பெயரை வரிசையாகக் கூப்பிட்டு, ஒவ்வொரு குடியின் மூத்தவருக்கும் வெற்றிலையும் தேங்காயும் வைத்த காளாஞ்சி கொடுப்பார்கள். முதலில் யார், அடுத்து யார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கொடுப்பது ஒரே தேங்காய்தான். ஆனால் இரண்டாவதாக வாங்கிய தேங்காய்க்கும் நாலாவதாக வாங்கிய தேங்காய்க்கும் உள்ள வித்தியாசத்தை எங்கள் ஊரில் சின்னப்பிள்ளையும் சொல்லும். குடிகளின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் இன்னொரு கட்டுரைக்கு விஷயம் கிடைத்துவிடும்.

எங்களுடையது நாலாவது.

"நாலாவதாக் கூப்பிடக்குள்ள சனம் எழும்பிப் போயிரும் மனே," என்பார் அம்மா. "காளாஞ்சிய வாங்கிற்றுத் திரும்பிப் பாத்தா நாங்களும் ரெண்டு நாயும்தான் நிக்கிறம்."

எனக்கு அப்போது முப்பத்தொரு வயது. காணிக் கந்தோரில் எழுதுவினைஞர் வேலை. மிச்ச நேரத்தில் ஊர்ச் சரித்திரம். சரித்திரம் என்றால், யார் வீட்டில் பழைய கடுதாசி இருக்கிறதோ அந்த வீட்டுக்குப் போய் எழும்பாமல் இருப்பது. அப்படித்தான் கதிராமப்போடியாரிடம் போனேன். போடியார் என்றால் எங்கள் பக்கம் நிறைய வயல் உள்ளவர். இரண்டாவதாகக் கூப்பிடப்படும் குடிக்கு மூத்தவர் அவர்தான். அவருடைய வயல் வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரையில் ஒரு வட்டையில், அதாவது வயல்வெளியில், இருந்தது. குருக்கள்மடத்துத் துறையில், ஆட்களையும் வண்டிகளையும் அக்கரைக்கு ஏற்றிப்போகும் மிதவைப் பாதையில் ஏறிப் போனேன். வயல் வாடியில், அதாவது காவல் குடிசையில், பழைய காணி உறுதிகள் வைத்த மரப்பெட்டி ஒன்று இருந்தது. கூடவே ஒரு முட்டி கள்ளும் இருந்தது.

கள்ளை விட்டுவிடுவதாக அம்மன் முன்னிலையில் நேர்த்தி வைத்தவர் போடியார். ஊருக்கே தெரியும். ஆனால் அம்மன் கோயில் வாவிக்கு இந்தப் பக்கம், வாடி அந்தப் பக்கம்.

"தம்பி, இதை ஆருக்கும் சொல்லிராத," என்று ஒரே சிரட்டையை எனக்கும் நீட்டினார். வாங்கினேன். அந்தச் சந்தோஷத்தில் பெட்டியையும் திறந்துவிட்டார். அதற்குள் அவருடைய அப்பப்பா எழுதிய கோயில் கொப்பி ஒன்று. அதில் குடி வரிசை. இரண்டாவது இடத்தில் எங்கள் குடி. நாலாவதில் போடியாரின் குடி! போடியார் கண்ணாடியை வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தார். "என்ன தம்பி எழுதியிருக்கு?" என்று கேட்டார். "பழைய கணக்கு போடியார்," என்று சொல்லிவிட்டு, கைத்தொலைபேசியில் எட்டுப் படம் எடுத்துக்கொண்டேன். (உபசரித்த மனிதருக்கு நான் செய்த நன்றி அது. இதற்கு மேலும் செய்தேன், வருகிறது.)

படங்களைக் கோயில் வண்ணக்கரிடம், அதாவது கோயில் நிர்வாகத்துக்குத் தலைவரிடம், கொண்டுபோய்க் காட்டினேன். அவர் நீதிமான், ஆனால் களைத்துப்போன நீதிமான். மூன்று நாள் யோசித்துவிட்டுச் சொன்னார்:

"கொப்பி சொல்லுது, சரி. ஆனா கொப்பி வந்து சனத்துக்கு முன்னால நிக்காது. நீதான் நிக்கோணும். தீர்த்த நாளண்டு நீயே மைக்கப் பிடிச்சுப் புது வரிசையில கூப்பிடு. வில்லங்கம் ஒண்டும் வராம முடிஞ்சா இனி அதுதான் வரிசை. வில்லங்கம் வந்தா பழையபடி. பிறகு நான் உயிரோட இருக்குமட்டும் இந்தக் கதைய எடுக்கப்படாது."

அம்மா அன்றைக்கே சீலைக்குக் கரை பார்க்கத் தொடங்கினார்.

தீர்த்தம் ஒரு திங்கட்கிழமை. அதற்குப் பதினொரு நாள் முன்பு, வியாழன் பின்னேரம் ஐந்து பத்துக்கு, தேநீர் விழுங்கும்போது தொண்டையில் முள் குத்தியதுபோல இருந்தது. வெள்ளிக்கிழமை காய்ச்சல். சனிக்கிழமை காலை கண்ணாடிக்கு முன்னால் வாயைப் பிளந்து, டோர்ச் அடித்துப் பார்த்தேன். உண்ணாக்குக்கு இரண்டு பக்கமும் வெள்ளை வெள்ளையாகப் படிந்திருந்தது. கழுத்தில் நெறி கட்டியிருந்தது.

என்னிடம் தடித்த மருத்துவப் புத்தகம் ஒன்று இருக்கிறது. அதை எடுத்தேன். தொண்டை நோ பாக்டீரியாவால் வந்திருக்கலாம் என்று சந்தேகிக்க நான்கு அடையாளம் போட்டிருந்தது: காய்ச்சல், தொண்டையில் வெள்ளைப் படிவு, கழுத்தில் நெறி, இருமல் இல்லாமை. எனக்கு நான்குக்கு நான்கு. பள்ளிக்கூடத்தில்கூட எனக்கு அப்படிப் புள்ளி வந்ததில்லை.

அதே பக்கத்தில், அதற்கு மேலேயே, வேறு சில வரிகளும் இருந்தன. பெரியவர்களுக்கு வரும் தொண்டை நோவில் பெரும்பகுதி வைரசால் வருவது, அது தானாகப் போய்விடும், பாக்டீரியாவைக் கொல்லும் மருந்து அதற்கு வேலை செய்யாது, இரண்டையும் வெறுங்கண்ணால் பிரித்தறிய முடியாது, இந்த நான்கு அடையாளமும் பரிசோதனை தேவையா என்று வைத்தியர் யோசிப்பதற்குத்தான் என்று தெளிவாக எழுதியிருந்தது. வாசித்தேன். 'பெரும்பகுதி' என்பதில் என்னைச் சேர்க்க முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை. உடம்பு அடித்துப் போட்டதுபோல் கிடந்தது. நின்றால் இருக்கச் சொன்னது, இருந்தால் படுக்கச் சொன்னது. ஆனால் களைப்பு அந்த நான்கில் இல்லாததால் அதை நான் பதியவில்லை.

"அம்மா, இது பாக்டீரியா," என்றேன்.

"என்னவாயும் இருக்கட்டும். கொத்தமல்லி அவிச்சிருக்கன், குடி. நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போய் ஒருக்காக் காட்டு."

"ஆஸ்பத்திரியில மூண்டு மணித்தியாலம் நிக்க வைச்சிற்று, ஓய்வெடு எண்டு சொல்லுவாங்க. எனக்குத் தீர்த்தத்துக்குத் தொண்டை வேணும்."

"அதுக்குத்தானேடா சொல்லுறன். எனக்கும் அந்தத் தொண்டைதான் வேணும்."

ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிக் காத்தான்குடியில் ஒரு பாமசிக்குப் போனேன். கல்லாவில் இருந்தவர் (அங்கே அண்ணனைக் காக்கா என்பார்கள்) நெற்றிக்கு மேல் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு கேட்டார்.

"துண்டு இருக்கா தம்பி?"

"டொக்டர்ர துண்டு இல்ல காக்கா. ஆனா இது பாக்டீரியாதான். நாலு குறியும் இருக்கு." நான்கையும் விரல் மடித்துச் சொன்னேன்.

"மாஷா அல்லாஹ். டொக்டருக்குப் படிக்கிறீங்களா?"

"இல்ல. காணிக் கந்தோர்ல வேலை."

"அப்ப காணிக்கு நீங்க எழுதுங்க. தொண்டைக்கு டொக்டர் எழுதட்டும். இந்தாங்க, காய்ச்சலுக்கு ரெண்டு குளிசை. உப்புத் தண்ணியால கொப்பளிங்க. மற்றது துண்டில்லாம இந்தக் கடையில வராது."

படித்தவனைப் படிக்காதவன் அவமதித்ததாக அன்று நாட்குறிப்பில் எழுதினேன். (அவர் மருந்தாளர் பரீட்சை பாஸ் பண்ணி, சான்றிதழைச் சட்டம் போட்டுத் தலைக்கு மேலேயே மாட்டியிருந்தார். நான் அதை வாசிக்கவில்லை. நான் வாசிக்காமல் விட்ட ஒரே கடுதாசி அதுதான்.)

அடுத்த வளவில் அக்கா வீடு. அத்தான் ஒரு மருந்தையும் முழுதாக முடிக்க மாட்டார். மிச்சத்தை எறியவும் மாட்டார். எல்லாம் ஒரு பால்மா டின்னுக்குள் கிடக்கும்.

"அமொக்சிசிலின் மச்சான். போன முறை பல்லு வீங்கினதுக்குத் தந்தது. இருபத்தொண்டு தந்தாங்க. ஆறு போட்டன், நோ போயிற்று. பதினஞ்சு கிடக்கு."

"அது பல்லுக்குத் தந்ததெல்லா?"

"பல்லும் தொண்டையும் அடுத்தடுத்த வளவுதானே."

இந்த வாதத்தில் எனக்குப் பிழை தெரியவில்லை. மட்டையைத் திருப்பிக் காலாவதித் திகதி பார்த்தேன். இன்னும் பத்தொன்பது நாள் இருந்தது. திகதி சரியென்றால் எல்லாம் சரி என்று நம்பிய காலம் அது. ஞாயிறு இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு முதலாவதைப் போட்டேன்.

செவ்வாய்க்கிழமை காய்ச்சல் குறைந்தது. வியாழக்கிழமை சோறு இறங்கியது. "மருந்து தொடங்கி நாலாம் நாள் குணம். கணிப்பு சரி," என்று எழுதி இரண்டு கோடு போட்டேன். வைரசால் வந்த தொண்டை நோவும் ஏறக்குறைய அத்தனை நாளில்தான் தணியத் தொடங்கும் என்பது அடுத்த பக்கத்தில் இருந்தது. ஒரு திகதிக்குப் பிறகு இன்னொரு திகதி வந்தால் முன்னையதுதான் பின்னையதற்குக் காரணம் என்று நினைப்பது சரித்திரக்காரர்களுக்கு வழமையாக உள்ள வருத்தம். அதற்கும் குளிசை இல்லை. அம்மா மூன்று வேளையும் கொண்டுவந்து வைத்த கொத்தமல்லித் தண்ணீரை ஜன்னலால் வாழைக்கு ஊற்றினேன். வாழைக்குத் தொண்டை நோ வரவேயில்லை.

தீர்த்தத்துக்கு முதல் நாள் முதுகில் கடி தொடங்கியது. நுளம்பு கடித்ததாக நினைத்தேன். திங்கள் காலை குளிக்கப் போய்ச் சட்டையைக் கழற்றினால், நெஞ்சு, வயிறு, கை, முதுகு எங்கும் செக்கச் செவேலென்று பொரிந்திருந்தது. குங்குமத்தைத் தண்ணீரில் கரைத்து யாரோ என் மேல் தெளித்துவிட்டதுபோல.

எங்கள் கோயிலில் ஆண்கள் மேல்சட்டை போடக் கூடாது.

அம்மாவிடம் சொல்லவில்லை. அம்மா புதுச்சீலை கட்டி, அதிகாலையிலேயே போய் முன்வரிசையில் இருந்துவிட்டார். நான் ஒரு கிண்ணம் சந்தனத்தைக் குழைத்து இடுப்பிலிருந்து கழுத்துவரை பூசினேன். அதற்கு மேல் திருநீறு. அதற்கு மேல் சால்வை. வாசலில் அத்தான் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"மச்சான், கும்பிடப் போறியா, இல்ல உன்னக் கும்பிடோணுமா?"

வைகாசி வெயில். வாவியில் தீர்த்தமாடி எல்லோரும் வந்துசேர மத்தியானமாகிவிட்டது. மண்டபத்தில் ஆயிரம் பேராவது இருந்திருப்பார்கள். (நான் எண்ணவில்லை. எண்ணுகிற நிலையில் இருக்கவில்லை.) வண்ணக்கர் மைக்கைத் தந்தார். சந்தனம் காய்ந்து, வயல் வெடிப்பதுபோல வெடிக்கத் தொடங்கியிருந்தது. முதலாவது குடியைக் கூப்பிட்டேன். குரல் கரகரத்தாலும் வந்தது. மூத்தவர் வந்து காளாஞ்சி வாங்கிப் போனார்.

"இரண்டாவதாக..." என்றேன்.

இந்த இடத்தில் ஒரு சிறு நிறுத்தம் வைக்க வேண்டும் என்று வீட்டில் ஒத்திகை பார்த்திருந்தேன். மனசுக்குள் மூன்று எண்ண வேண்டும்; சனம் ஆவலோடு நிமிர வேண்டும்; பிறகு எங்கள் குடியின் பெயர் இறங்க வேண்டும். சனம் நிமிர்ந்தது. அம்மா நிமிர்ந்தார். இரண்டு எண்ணும்போது வியர்வையில் நனைந்த சால்வை தோளிலிருந்து வழுக்கி விழுந்தது. அதோடு நெஞ்சிலிருந்து ஒரு சந்தனப் பொருக்கும் விழுந்தது.

முன்னால் இருந்த ஒரு பெண் எழும்பிக் கத்தினாள்: "ஐயோ தாயே! தம்பிக்கு அம்மாள் போட்டிருக்கு!"

எங்கள் பக்கம் மேலெல்லாம் பொரிந்தால் அது அம்மாள் வருத்தம். அம்மனே மேலில் இறங்கியிருக்கிறாள் என்று பொருள். ஆயிரம் பேரும் என்னைப் பார்த்துக் கைகூப்பினார்கள். என் வாழ்நாளில் ஊர் எனக்குக் கைகூப்பியது அந்த ஒரு முறைதான். அதுவும் எனக்கல்ல.

கதிராமப்போடியார் அவசரப்படாமல் எழும்பினார்.

"பாருங்க சனங்களே. நான் ஒண்டும் சொல்லல்ல. பொடியன் வரிசையில கைய வைச்சான். தாய் அவனில கைய வைச்சிற்றா."

பேசாமல் பெயரைச் சொல்லி முடித்திருந்தால் முடிந்திருக்கும். நான் விளக்கம் சொல்லப் போனேன். "இது அம்மாள் இல்ல, வேர்க்குரு," என்றேன். மைக்கில் சொன்னேன். நான்கு ஒலிபெருக்கியும் 'வேர்க்குரு, வேர்க்குரு' என்று வாவிவரைக்கும் கொண்டுபோயின.

"வேர்க்குருவ விட்டுட்டுப் பேரச் சொல்லடா மனே!" என்று அம்மா முன்வரிசையிலிருந்து கத்தினார். "வருத்தத்தப் பிறகு பாப்பம்! ரெண்டாவதச் சொல்லு!"

வாயைத் திறந்தேன். அந்த நேரம் பார்த்துத் தொண்டை அடைத்துக்கொண்டது. காற்றுத்தான் வந்தது. வண்ணக்கர் மெதுவாக என் கையிலிருந்து மைக்கை எடுத்து, பழைய வரிசையை மனப்பாடமாகச் சொன்னார். போடியார் இரண்டாவதாகப் போனார். நாங்கள் நாலாவது. அம்மா சொன்னது சரி. அந்த நேரம் சனம் எழும்பிவிட்டது. என்னைப் பார்ப்பதற்காக எழும்பியது என்பதுதான் வித்தியாசம்.

அன்று பின்னேரம் எங்கள் வாசல் படலையில் வேப்பிலை கட்டினார்கள். வீட்டில் மீன் இல்லை, பொரியல் இல்லை, தாளிதம் இல்லை. போடியார் குலையோடு இளநீர் கொண்டுவந்து, என்னை விழுந்து கும்பிட்டுவிட்டு, "தாய் குளிரட்டும்," என்று சொல்லிப் போனார். இவ்வளவு மரியாதையாக யாரும் என்னை மிதித்ததில்லை.

செவ்வாய்க்கிழமை அத்தான் என்னை ஓட்டோவில் ஏற்றினார். குளிசை தன்னுடையது என்று அக்காவுக்குத் தெரியவருவதற்கு முன் இது என்ன என்று அறிய வேண்டிய அவசரம் அவருக்கு. அம்மாவும் வேப்பிலையோடு ஏறினார். நகரத்து ஆஸ்பத்திரியில் ஓர் இளம் பெண் டொக்டர். என் தொண்டையையும் கழுத்தையும் பார்த்து, வயிற்றின் இடது பக்கத்தை அமுக்கி, "என்ன குளிசை போட்டீங்க?" என்று கேட்டார். சொன்னேன். "ஆர் தந்தது?" அத்தான் வெளியே மரத்தைப் பார்த்தார்.

இரத்தம் எடுத்தார்கள். வெள்ளிக்கிழமை முடிவு வந்தது. டொக்டர் சொன்னார்:

"உங்களுக்குப் பாக்டீரியா இல்ல, வைரஸ். ஒரு வகை சுரப்பிக் காய்ச்சல். பாக்க அப்படியே பாக்டீரியா மாதிரித்தான் இருக்கும். காய்ச்சல், வெள்ளை, நெறி எல்லாம் வரும். அதுதான் டெஸ்ட் பண்ணாம மருந்து குடுக்கிறதில்ல. இந்த வைரஸ் இருக்கக்குள்ள அமொக்சிசிலின் போட்டா கனபேருக்கு இப்படி மேலெல்லாம் பொரியும். நீங்க ஒண்டும் போடாம இருந்திருந்தாலும் தொண்டை இதே நாளில தணிஞ்சிருக்கும், உடம்பும் சுத்தமா இருந்திருக்கும்."

"அப்ப அம்மாள் இல்லையா மகள்?" என்றார் அம்மா.

"இல்லம்மா. இது எச்சிலால பரவுறது. முத்தக் காய்ச்சல் எண்டும் சொல்லுவாங்க."

அம்மா என்னைப் பார்த்தார். கையிலிருந்த வேப்பிலை கீழே இறங்கியது.

"மண்ணீரல் கொஞ்சம் வீங்கியிருக்கு," என்று டொக்டர் தொடர்ந்தார். "ஒரு மாசத்துக்குப் பாரம் தூக்கப்படாது. வயித்தில அடி படாமப் பாத்துக்கொள்ளுங்க."

"அது கஷ்டம் டொக்டர்," என்றார் அத்தான். "ஊருக்குப் போறம்."

வீட்டுக்கு வந்ததும் அம்மா கேட்டது ஒரே கேள்விதான். "ஆர்ர பொம்புளப் பிள்ளை?" நான் சத்தியம் செய்தேன். நம்பவில்லை. ஐந்து வருட நாட்குறிப்பையும் எடுத்துக்கொண்டு போய் ஒரு பகலும் ஒரு பின்னேரமும் வாசித்தார். திருப்பித் தரும்போது அவர் முகத்தில் கோபம் இருக்கவில்லை, கவலை இருந்தது.

"மழை பெஞ்சத எழுதியிருக்காய். மாடு செத்தத எழுதியிருக்காய். ஒரு பொம்புளப் பிள்ளையப் பாத்துச் சிரிச்சதா ஒரு வரி இல்லையேடா மனே."

பிறகு நிமிர்ந்து இருந்தார். "சரி. அம்மாள் இல்ல எண்டு டொக்டர் எழுதித் தந்த கடுதாசி இருக்குதானே. நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை, கோயில்ல கணக்குக் கூட்டம். கொண்டுபோய்க் காட்டு. தாய் கோவிக்கல்ல எண்டா அது வில்லங்கமே இல்ல. வாற வருசம் இன்னொருக்காக் கூப்பிடட்டும்."

நியாயம்தான். கடுதாசியோடு நாட்குறிப்புக் கொப்பியையும் எடுத்துக்கொண்டு போனேன். கூட்டத்தில் முப்பது நாற்பது பேர். முன்னால் வண்ணக்கர், பக்கத்தில் போடியார். கடுதாசியை வாசித்து, தமிழில் விளக்கி, "ஆகவே இது வைரஸ், அம்மனுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை," என்று முடித்தேன். வண்ணக்கர் தலையை ஆட்டினார். வெற்றிக்கு ஒரு முழம் தூரம்தான் இருந்தது.

"எச்சில் எண்டு போட்டிருக்கே," என்றார் போடியார். "ஆர்ர எச்சில் தம்பி?"

பின்வரிசையில் சிரிப்பு. 'தெரியாது' என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். தொண்டையில் நோ தொடங்கும் முன்பு இந்த வைரஸ் நாலு தொடக்கம் ஆறு வாரம் உடம்பில் கிடக்கும் என்று முதல் நாள்தான் வாசித்திருந்தேன். நாட்குறிப்பில் பின்னோக்கி எண்ணியும் வைத்திருந்தேன். திகதி கையில் இருக்கும்போது என்னால் வாயை மூட முடியாது.

கொப்பியைத் திறந்து வாசித்தேன்: "சனிக்கிழமை, பின்னேரம் நாலு இருபது. கதிராமப்போடியாரின் வாடி. கள்ளு. ஒரே சிரட்டையில் இருவரும். மூன்று முறை."

வண்ணக்கர் போடியாரைப் பார்த்தார். எல்லோரும் போடியாரைப் பார்த்தார்கள். நான் கொப்பியை மூடினேன். நேர்த்தியை முறித்தவர் அகப்பட்டார், வரிசை எங்களுடையது, சரித்திரம் வென்றது என்று நினைத்தேன். (என்னை நம்பிச் சிரட்டையை நீட்டிய மனிதர் அவர் என்பது அப்போது ஞாபகம் வரவில்லை. இப்போது வருகிறது, அடிக்கடி.)

போடியார் ஒருமுறை தொண்டையைச் செருமினார்.

"ஓம். குடிச்சன். நேர்த்திய முறிச்சது நான். பிழைதான். தம்பி பொய் சொல்லல்ல, ஒரே சிரட்டைதான்." நிறுத்தினார். அவர் வைத்த நிறுத்தத்தில் எதுவும் வழுக்கி விழவில்லை. "ரெண்டு பேரும் ஒரே சிரட்டையிலதான் குடிச்சம். என்னப் பாருங்க." சால்வையை எடுத்துத் தோளைக் காட்டினார். எண்ணெய் தடவிய தேக்குப்போல இருந்தது. "நேர்த்திய முறிச்ச எனக்கு ஒரு பரு இல்ல. வரிசைய மாத்தப் போனவனுக்கு மேலெல்லாம். அப்ப தாய்க்கு ஆரோட கோவம்? நீங்களே சொல்லுங்க."

இதற்கு என்னிடம் மறுமொழி இருந்தது. அந்த வைரஸ் எங்கள் ஆட்களில் பெரும்பாலானவர்களுக்குச் சின்ன வயதிலேயே வந்து, தெரியாமலே போயிருக்கும். பிறகு அது உடம்புக்குள்ளேயே தூங்கிக்கொண்டு, இடைக்கிடை எச்சிலில் மட்டும் வந்து போகும். அதனால் போடியாருக்கு ஒன்றும் வராது. அவர் அமொக்சிசிலினும் போடவில்லை. மட்டுமல்ல, அது அவரிடமிருந்துதான் வந்தது என்றும் நிச்சயமாகச் சொல்ல முடியாது... சொல்லத் தொடங்கினேன். ஐந்தாவது வாக்கியத்தில் வண்ணக்கர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஏழாவதில் ஒருவர் எழும்பி ஒன்றுக்குப் போனார்.

"தம்பி," என்றார் வண்ணக்கர், "நீ சொல்லுறது சரியா இருக்கும். ஆனா போடியார் சொல்லுறது விளங்குது. பழையபடி இருக்கட்டும்."

அம்மா வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். எனக்கு முன்னால் வீட்டுக்கு நடந்தார். படலையில் காய்ந்துபோயிருந்த வேப்பிலையைப் பிடுங்கி எறிந்துவிட்டுச் சொன்னார்:

"கொத்தமல்லியக் குடிச்சிற்றுப் பேசாமப் படுத்திருந்தா இண்டைக்கு நாங்க ரெண்டாவது."

மருத்துவப் புத்தகத்தில் எண்பது பக்கத்தில் சொல்லியிருந்ததை அவர் ஒரு வரியில் சொல்லிவிட்டார்.

இதெல்லாம் நடந்து கனகாலம். எனக்குப் பெண் பார்க்கப் போனபோது, பெண் வீட்டார் சாதகத்தைக் கேட்பதற்கு முன் கேட்டது, "அந்த முத்த வருத்தம் சுகமாயிற்றா?" என்றுதான். அந்தக் கேள்வியைக் கேட்டு நாணி உள்ளே ஓடாமல் சத்தமாகச் சிரித்த பெண்ணைத்தான் கட்டினேன். வண்ணக்கர் இன்னும் திடமாக இருக்கிறார். போடியார் கள்ளை உண்மையாகவே விட்டுவிட்டார் என்று சொல்கிறார்கள். நான் போய்ப் பார்க்கவில்லை, அவர் கூப்பிடவும் இல்லை. நாங்கள் இன்னும் நாலாவது.

போன மாரிக் காலத்தில் அக்காவின் மகளுக்குத் தொண்டை நொந்தது. இருபத்திரண்டு வயது, வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். அம்மா என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நேரே டொக்டரிடம் அனுப்பினார். தொண்டையில் பஞ்சால் தொட்டு எடுத்துப் பார்த்தார்கள். அவளுக்குப் பாக்டீரியாதான். பத்து நாளைக்குக் குளிசை எழுதிக் கொடுத்தார்கள். மூன்றாம் நாளே சுகம் என்று அவள் நிறுத்தப் பார்த்தாள். அம்மா விடவில்லை. கடைசிக் குளிசை வரைக்கும் பக்கத்தில் நின்று விழுங்க வைத்தார். அத்தான் டின்னைத் தூக்கிக்கொண்டு வந்து, "மிச்சம் ஒண்டும் இல்லையா?" என்று எட்டிப் பார்த்துவிட்டு ஏமாந்து போனார்.

இப்போது எங்கள் வீட்டில் யாராவது தொண்டையைச் செருமினால் போதும். சமையலறைக்குள்ளிருந்து அம்மாவின் குரல் வரும்.

"டொக்டரிட்டப் போறியா, இல்ல நாலாவதாப் போறியா?"

வீட்டில் உள்ள எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள். என் எட்டு வயது மகள் உட்பட.